நாட்டுக்கோழிக்கு சீக்கு வராம இருக்க என்ன இயற்கை மருந்து குடுக்கலாம்? ஊசி போடாம சமாளிக்க முடியுமா?

ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல சொல்லிர்றேன், முடியாதுங்க. நானும் மஞ்சளும் வேப்பிலையும் போதும்னு நம்பித்தான் நாலு வருசம் முன்னாடி ஒரு பங்குனியில 28 கோழியில 22-ஐ குழி தோண்டி பொதைச்சேன்.

நமக்கு குப்பனூர் பக்கம், ஏற்காடு அடிவாரம். அம்மாயி காலத்துல இருந்து பஞ்சாரத்துல, அதான் பெரிய மூங்கில் கூடையில, கவுத்து வளக்குறதுதான். அந்த வருசம் சந்தையில ரெண்டு வெடக்கோழி வாங்கியாந்து அன்னைக்கே கூட்டத்தோட விட்டுட்டேன். ஆறாம் நாள் ஒண்ணு றெக்கைய தொங்கப்போட்டு நின்னுச்சு, பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சுது, அப்புறம் ஒண்ணுக்கு கழுத்து திருகிக்கிச்சு, அம்மாயி பாத்த ஒடனே "வெள்ளக்கழிச்சல்டா, எல்லாம் போச்சு"ன்னுருச்சு. ராணிக்கெட்டுன்னு சொல்றது அதான். வைரஸ் சீக்கு, வந்தப்புறம் நாட்டு மருந்தும் கேக்காது, இங்கிலீஷ் மருந்தும் கேக்காது.

இப்ப குஞ்சு பொரிச்ச 7-ம் நாள் லசோட்டாங்கிற வெள்ளக்கழிச்சல் தடுப்பு மருந்து, கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு, நாலு வாரத்துல இன்னொரு தடவை, 8 வாரத்துல றெக்கைக்கு அடியில ஊசி. பிப்ரவரியில கவர்மெண்ட்டே ரெண்டு வாரம் முகாம் போட்டு இலவசமா போடுறாங்க. மருந்து வாங்கினா ஐஸ் வெச்ச பிளாஸ்க்குலதான் கொண்டாரணும், சட்டைப் பாக்கெட்ல வெச்சு பஸ்ல வந்தா அது வெறும் தண்ணி.

அப்ப நாட்டு மருந்து எதுக்குன்னா, ஒடம்பு தெம்பா இருக்கத்தான். நான் செய்யறது, பத்து கோழிக்கு சீரகம் 10 கிராம், மிளகு 5 கிராம், மஞ்சத்தூள் 5 கிராம், பூண்டு அஞ்சு பல்லு, சின்ன வெங்காயம் அஞ்சு, ஒரு கைப்பிடி கீழாநெல்லி, எல்லாத்தையும் அரைச்சு தவுட்டுல பெசஞ்சு காலைல பசியில இருக்கும்போது வெச்சுருவேன், வயிறு நெறஞ்சா ஒண்ணும் தொடாதுங்க. மாசம் ரெண்டு தடவை, மழ ஆரம்பிச்சா வாரம் ஒருக்கா. முருங்கக்கீரைய கொத்தா கட்டி தொங்கவிட்டா அதுங்களே எம்பி எம்பி திங்கும், பாக்கவே நல்லாருக்கும்.

ரத்தக்கழிச்சலுக்கு மருந்தவிட தரை முக்கியம். ஐப்பசியில மலைக்காத்து ஈரமா எறங்கும், கூட்டுல போட்ட உமி நமுத்துரும், அதக் கெளறி காய வைக்காம எத்தனை பூண்டு குடுத்தும் புண்ணியமில்ல. அம்மைக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு தடவுனா புண்ணு காய ஒதவும், ஆனா அத பரப்புறது கொசு. சாயங்காலம் நொச்சி பொகை போடுங்க, கூட்டுக்கு வெளிய, உள்ள போட்டா கோழி மூச்சு தெணறும்.

புதுசா வாங்குன கோழி இப்பல்லாம் ரெண்டு வாரம் வீட்டுக்கு அந்தப் பக்கம் தனிப் பஞ்சாரத்துலதான். பழசுக்கு தீனி வெச்சுட்டு கடைசியாத்தான் அதுங்ககிட்ட போவேன். சந்தையில கேட்டா எல்லாரும் "ஊசியெல்லாம் போட்டாச்சுங்க"ன்னுதான் சொல்லுவாங்க.