எலக்ட்ரான் தளத்தில், மின்புலம் வெளியில்: கிராபீன் பிளாஸ்மான் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பிளாஸ்மான் என்பது எலக்ட்ரான்களின் கூட்டுக் கிளர்வு என்கிறார்கள். கூட்டுக் கிளர்வு என்றால் பல எலக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் கிளர்வுறுவது என்று மட்டும் பொருளா?

பதில்: இல்லை. ஓரிடத்தில் எலக்ட்ரான்கள் சற்று நெருங்கினால், அங்கு மிகும் மின்னூட்டம் அவற்றை விலக்குகிறது. விலகியவை நிலைமத்தால் சமநிலையைத் தாண்டிச் சென்று வேறிடத்தில் நெருங்குகின்றன. இந்த அடர்த்தி அலையே பிளாஸ்மான். தனியோர் எலக்ட்ரானைச் சுட்டி, அலைவது இதுதான் என்று சொல்ல இயலாது.

கேள்வி: அலுமினியத்தில் பிளாஸ்மான் ஆற்றல் ஏறத்தாழ 15 எலக்ட்ரான் வோல்ட். ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளான கிராபீனில் மட்டும் அது சுழியிலிருந்து தொடங்குவது ஏன்?

பதில்: கிராபீனில் மட்டுமன்று, எல்லா இருபரிமாண எலக்ட்ரான் தளங்களிலும் அப்படித்தான். முப்பரிமாண உலோகத்தில் அலையின் மின்புலம் உலோகத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதால், அலைநீளம் எவ்வளவு நீண்டாலும் மீள்விசை (எலக்ட்ரான்களைச் சமநிலைக்குத் திருப்பும் விசை) தளர்வதில்லை. ஓரணுத் தளத்தில் எலக்ட்ரான்கள் தளத்தை விட்டு வெளியேற முடியாது. ஆனால் அவற்றின் மின்புலத்துக்கு அந்தத் தடை இல்லை. அலைநீளம் நீள நீள, புலக்கோடுகள் தளத்துக்கு மேலும் கீழும் பரவ, மீள்விசை குன்றி, அதிர்வெண் அலையெண்ணின் (அலைநீளத்துக்கு எதிர்விகிதமான அளவு) வர்க்கமூலத்துக்கேற்பக் குறைந்து சுழியை அணுகுகிறது. (ஆழ்கடல் அலைகளும் இதே வர்க்கமூல விதிக்கு உட்பட்டவை, அங்கே மீள்விசை தருவது புவியீர்ப்பு.) இருபரிமாண எலக்ட்ரான் தளத்துக்கான இந்த விதியை 1967-இல் இயற்பியலாளர் ஃபிராங்க் ஸ்டெர்ன் கணித்தார். 1976-இல் கிரைம்ஸும் ஆடம்ஸும் திரவ ஹீலியத்தின் மேற்பரப்பில் தங்கிய எலக்ட்ரான்களில் கண்டனர். கிராபீனைத் தனித்தாளாகப் பிரித்தது 2004-இல்தான்.

கேள்வி: அப்படியானால் கிராபீனின் தனிச்சிறப்பு எது?

பதில்: வழக்கமான இருபரிமாணத் தளங்களில் அதிர்வெண் எலக்ட்ரான் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, கிராபீனிலோ நான்காம் மூலத்தைப் பொறுத்தது. அதன் எலக்ட்ரான்களின் ஆற்றல் உந்தத்துக்கு நேர்விகிதத்தில் அமைவதே காரணம். ஆயினும், கேட் மின்னழுத்தத்தை (அருகிலுள்ள மின்முனையில் கொடுத்து எலக்ட்ரான் அடர்த்தியைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தம்) மாற்றியே பிளாஸ்மானை இசைவிக்க முடிவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். உலோகத் துண்டில் அது எளிதன்று.

கேள்வி: இதை நேரில் படம்பிடித்திருக்கிறார்களா?

பதில்: 2012-இல் இரு குழுக்கள், நுண்முனை ஒன்றின்மீது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் படம்பிடித்தன. ஒளியின் அலைநீளம் சுமார் 10 மைக்ரோமீட்டர். பிளாஸ்மானின் அலைநீளமோ 200 நானோமீட்டர் அளவிலேயே இருந்தது. கிராபீனின் விளிம்பில் மோதித் திரும்பிய அலை, முனையிலிருந்து செல்லும் அலையுடன் சேர்ந்து வரிவரியாகத் தெரிந்தது. வரிகளின் இடைவெளி அலைநீளத்தில் பாதி என்பதை மறந்து பலர் கணக்கில் தவறுகின்றனர்.

கேள்வி: அந்த அலை எவ்வளவு தூரம் செல்லும்?

பதில்: தொடக்கச் சோதனைகளில் சில அலைநீளங்களுக்குள்ளேயே அடங்கிவிட்டது. போரான் நைட்ரைடு படலங்களுக்கிடையே பொதிந்து 60 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது, 10 மைக்ரோமீட்டருக்கும் மேல் சென்றதாக 2018-இல் அளந்தனர்.