இலை பார்க்கப் போகும் பயணம்: எந்த ஊரில் நிற்கலாம், எதை விடலாம்?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் மனைவி, மூன்று வயது மகளோடு இருக்கிறேன். மதுரையிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அக்டோபரில் கொலம்பஸ் டே லாங் வீக்கெண்டில் ஃபால் கலர், அதாவது இலையுதிர் காலத்தில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க நான்கு இரவுப் பயணம் போட்டிருக்கிறேன். வெர்மான்டில் உட்ஸ்டாக், ஸ்டோ, பிறகு நியூ ஹாம்ப்ஷையரில் நார்த் கான்வே, கடைசியாக மெய்னில் பார் ஹார்பர், ஊருக்கு ஓர் இரவு. இரண்டு அறைகள் என்பதால் தங்க மட்டும் 2,700 டாலர், மொத்தம் 4,100 ஆகிறது. கையில் 2,400 இருக்கிறது. மீதியை கிரெடிட் கார்டில் போடலாமா? அதில் ஏற்கெனவே 3,000 டாலர் பாக்கி, வட்டி 24 சதவீதம். நார்த் கான்வே அவுட்லெட்டில் (தள்ளுபடி விலைக் கடைகளில்) வரி இல்லாமல் துணி வாங்கினால் கொஞ்சம் மிச்சமாகும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி. அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மேட்டுப்பாளையத்தில் சில வருடம் இருந்தவர். பணம் மிஞ்சினால் நியூ ஹாம்ப்ஷையரிலேயே இருக்கும் மவுண்ட் வாஷிங்டன் மலை ரயிலுக்கு அவரை அழைத்துப் போக ஆசை.

பதில்: முதலில் கார்டு. 1,700 டாலரை அதில் போட்டால் மாதம் 34 டாலர் வட்டி. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. போன மாதப் பாக்கி நிற்கிற கார்டில் புதிதாகத் தேய்க்கும் தொகைக்கு வழக்கமான வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் கையில் காசு வைத்துக்கொண்டு அறையையும் டிக்கெட்டையும் இந்தக் கார்டில் போட்டாலும் நஷ்டம்தான். உங்கள் மனைவியிடம் பாக்கியில்லாத கார்டு இருந்தால் அதில் போட்டு, பில் வந்ததும் முழுதாகக் கட்டிவிடுங்கள்.

இனி 2,400க்குள் இந்தப் பயணத்தைப் போட முடியுமா? முடியும். ஊர்களைக் குறைக்க வேண்டும், தேதியை மாற்ற வேண்டும்.

கொலம்பஸ் டே அக்டோபரின் இரண்டாவது திங்கள். இந்த மூன்று மாநிலங்களும் அடங்கிய நியூ இங்கிலாந்தில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும் வார இறுதி அதுதான். பல விடுதிகள் குறைந்தது இரண்டு இரவு எடுத்தால்தான் அறை தருவார்கள், ஒவ்வோர் இரவு ஒவ்வோர் ஊர் என்ற உங்கள் திட்டத்துக்கு அது சரிப்படாது. வடக்கு நியூ ஹாம்ப்ஷையர் மலைகளில் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் பத்து நாள் வரைதான் நிறம் நன்றாக இருக்கும். மகள் பள்ளிக்குப் போகவில்லை, அதனால் அந்த வீக்கெண்டுக்கு உங்களைக் கட்டிப்போடுவது எதுவும் இல்லை. அக்டோபர் முதல் வாரத்தில் செவ்வாய் காலை கிளம்பி வெள்ளி திரும்புங்கள். நான்கு நாள் லீவுதான் செலவு.

பார் ஹார்பரை விட்டுவிடுங்கள். அழகான ஊர், ஆனால் நார்த் கான்வேயிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம், அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு ஒன்பது மணி நேரம். மூட்டுவலிக்காரரை ஒரு நாள் முழுக்கக் காரில் மடக்கி உட்கார வைத்துப் பார்க்கும் கடல், அவருக்குக் கடலாகத் தெரியாது. ஸ்டோவையும் விடலாம். அங்கே பார்க்கும் மலையும் இலையும் மற்ற இடங்களிலும் உண்டு, கூடுதல் காசு பெரும்பாலும் ஊர்ப் பெயருக்குத்தான்.

ஒரே ஊரில் மூன்று இரவு தங்குங்கள். நான் சொல்வது லிட்டில்டன். நியூ ஹாம்ப்ஷையரில் ஐ-93 நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் சின்ன ஊர். எடிசனிலிருந்து ஆறு மணி நேரம். ஃப்ரான்கோனியா நாட்ச் என்ற மலைக் கணவாய் பக்கத்திலேயே. மெயின் ஸ்ட்ரீட்டில் 112 அடி நீள மிட்டாய் கவுண்டர் ஒன்று இருக்கிறது, மகளுக்கு அது போதும். அறைக்கு இரவு 190 டாலர் என்று வரம்பு வைத்துத் தேடுங்கள். இரண்டு அறை, மூன்று இரவு, 8.5 சதவீத வரியோடு 1,237 ஆகும். ரத்து செய்தால் பணம் திரும்புகிற அறையாக இப்போதே போட்டு வையுங்கள். குறைந்த விலைக்கு வந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் இருக்கிறதா என்று கேளுங்கள். புளிக்காய்ச்சலும் தயிரும் இருந்தால் ஒரு வேளைச் சாப்பாடு அறையிலேயே முடியும், அம்மாவுக்கும் வயிறு ஒத்துக்கொள்ளும்.

போகும் வழியில் வெர்மான்டில் ஒரு நிறுத்தம் போதும். ஐ-91இலிருந்து கொஞ்சம் விலகினால் க்வீச்சி பள்ளத்தாக்கு, 165 அடி ஆழம். சாலைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம், படி இறங்க வேண்டாம், கட்டணமும் கிடையாது. அங்கிருந்து உட்ஸ்டாக் கால் மணி நேரம். கூரை போட்ட மரப் பாலத்தைப் பார்த்து, ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம். அந்த ஊரில் தங்கத்தான் விலை அதிகம், நடக்கக் காசு இல்லை.

ஒரு நாள் கான்கமாகஸ் என்ற மலைச் சாலைக்கு. லிங்கனிலிருந்து கான்வே வரை 34.5 மைல். நடுவில் கேஸ் ஸ்டேஷன் கிடையாது, லிங்கனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். போன் சிக்னலும் சரியாக வராது. சில நிறுத்தங்களில் வாகனத்துக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் வாங்குவார்கள், அந்தச் சீட்டு மற்ற இடங்களுக்கும் அன்று முழுக்கச் செல்லும். ராக்கி கார்ஜ் என்ற பாறைப் பள்ளம் இந்தச் சாலையை ஒட்டியே இருக்கிறது, அம்மா கொஞ்ச தூரம் நடந்தால் போதும். ஃப்ளூம் கார்ஜ் என்று எல்லோரும் சொல்வார்கள். அது இரண்டு மைல் சுற்று, படிகள் நிறைய. அம்மாவுக்கு டிக்கெட் வாங்காதீர்கள்.

அவுட்லெட் விஷயம். நியூ ஹாம்ப்ஷையரில் விற்பனை வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் நியூ ஜெர்சியிலேயே சாதாரண உடைக்கும் செருப்புக்கும் விற்பனை வரி கிடையாது! துணியில் வரி மிச்சம் ஒரு டாலர்கூட இல்லை. இலை பார்க்க வந்த அரை நாள்தான் போகும்.

இப்போது மலை ரயில். கடிதத்தில் அதைக் கடைசியில், 'மிஞ்சினால்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முதலில் வைப்பேன். ஊட்டி ரயிலைப் போலவே பற்சக்கரம் பிடித்து ஏறும் பாதை இது. மலையேறும் பற்சக்கர ரயில்களில் உலகிலேயே முதலாவது, 1869இல் உச்சிக்கு ஓடியது. குன்னூருக்கு ரயில் வந்ததே 1899இல்தான். மேட்டுப்பாளையப் பாதையின் ஏற்றம் அதிகபட்சம் 8.33 சதவீதம். இங்கே ஓரிடத்தில் 37 சதவீதத்துக்கு மேல். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரண்டு பட்டைகள், இங்கே ஏணி போல உருண்டைக் குறுக்குக் கம்பிகள். இரண்டிலும் எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டியைத் தள்ளும். உங்கள் அப்பா வண்டி ஏறுவதற்கு முன் குனிந்து அந்தக் கம்பிகளைப் பார்ப்பார், உங்களுக்கும் விளக்குவார். அந்தப் பத்து நிமிடத்துக்கு எந்த அவுட்லெட்டும் ஈடாகாது.

டிக்கெட் விலை நாளைப் பொறுத்து மாறும். உங்களுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து 200 டாலர் ஒதுக்குங்கள். போய்வர மூன்று மணி நேரம், அம்மாவும் மகளும் மனைவியோடு லிட்டில்டனில் இருக்கட்டும். நீராவி எஞ்சின் சில நடைகளுக்கு மட்டும்தான், மற்றவை பயோடீசல். அப்பாவுக்கு எது வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அறை 1,237, ரயில் 200, பெட்ரோல் 150, டோல் 50, சாப்பாடு 350. மொத்தம் 1,987. மீதி 400 சொச்சத்தில் ஒரு மினிவேன் வாடகைக்கு எடுங்கள். உங்கள் காரில் மகளின் குழந்தை இருக்கையின் இரு பக்கமும் பெரியவர்களை நெருக்கி ஆறு மணி நேரம் உட்கார வைக்க வேண்டாம். உங்கள் கார் இன்ஷூரன்ஸ் வாடகை வண்டிக்கும் பொருந்துமா என்று முன்பே கேட்டுவிட்டால், கவுண்டரில் தினசரிக் காப்பீட்டை வேண்டாம் என்று சொல்லலாம். டோல் தானாகக் கட்ட வீட்டில் வைத்திருக்கும் ஈஸி-பாஸ் கருவியையே எடுத்துப் போய், வண்டி எண்ணை அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் டோலோடு வாடகைக் கம்பெனியின் தினக் கட்டணமும் சேரும்.

பெற்றோரின் விசிட்டர் இன்ஷூரன்ஸ் திரும்பும் நாள் வரை இருக்கிறதா, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு எவ்வளவு தருவார்கள் என்று பார்த்துவிடுங்கள். பிறகு அப்பாவுக்கு ஒரு கனமான ஸ்வெட்டர். 6,288 அடி உச்சியில் அக்டோபரில் பனியும் கொட்டலாம். வானிலை மோசமென்றால் வண்டி உச்சி வரை போகாது, அதனால் ரயிலை முதல் முழு நாளான புதனுக்குப் போடுங்கள். மலை மூடியிருந்தால் வியாழனுக்கு மாற்றித் தருவார்களா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.