இமையைப் புரட்டிப் படம் எடுத்தார்கள், தொற்று என்கிறார்கள்: மருந்து ஊற்றலாமா?

கேள்வி: எங்கள் ஊர் பள்ளத்தூர் பக்கம். போன வாரம் கண் கணக்கெடுப்பு என்று இரண்டு பேர் வந்தார்கள். என் 6 வயது மகனுக்கும் அப்பத்தாவுக்கும் மேல் இமையைப் புரட்டி செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து வேறொருவர் போன் செய்து, "பையனுக்கு ட்ரக்கோமா தொற்று இருக்கிறது, சொட்டு மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்" என்கிறார். பையனுக்குக் கண் அரிப்பு இருப்பது உண்மைதான். படத்தைப் பார்த்துச் சொல்வதை நம்பலாமா?

பதில்: மருந்தை வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் ஊற்றாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ட்ரக்கோமா என்பது இமையின் உள்பக்கத்தில் பருக்களை உண்டாக்கி, நாளடைவில் பார்வையைக் கெடுக்கக்கூடிய ஒரு கிருமித் தொற்று. படம் எடுத்ததில் தவறில்லை. ட்ரக்கோமா கணக்கெடுப்பில் வழக்கமாக, பயிற்சி பெற்ற ஒருவர் இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேல் இமையின் உள்பக்கம் பார்ப்பார். அங்கே நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள வெள்ளைப் பருக்கள் குறைந்தது ஐந்து இருந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். ஒருவர் எண்ணுவதும் இன்னொருவர் எண்ணுவதும் எப்போதும் ஒத்துப்போகாது என்பதால், சில கணக்கெடுப்புகளில் படமும் எடுத்து, களத்தில் என்ன எழுதினார்கள் என்று தெரியாத வேறொருவர் படத்தைப் பார்த்து மறுபடி எண்ணுவார். நோய் குறையக் குறைய, களத்தில் போகிறவர்களுக்கு நிஜமான நோயாளியைப் பார்த்துப் பழகவே வாய்ப்பில்லாமல் போகிறது. அதனால் படம் இன்னும் அவசியமாகிறது. இதுவரை சரி.

ஆனால் அந்த எண்ணிக்கை எதற்கு? 1 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக் குறைவாக இந்தப் பருக்கள் இருந்தால் அந்தப் பகுதி முழுவதற்கும் மருந்து கொடுக்கத் தேவையில்லை, அதற்கு மேலே போனால் யோசிக்க வேண்டும், அதற்குத்தான். அது ஊரைப் பற்றிய பதில், உங்கள் பையனைப் பற்றியது அல்ல. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆயிரம் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது, அந்தப் பத்தும் சரியாகப் பிடிபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு மூன்று பேரைப் படம் பார்ப்பவர் தவறாகச் சேர்த்துவிட்டால், அதுவே முப்பது பேருக்குக் கிட்ட வந்துவிடும். மொத்தம் நாற்பது வீட்டுக்கு "தொற்று" என்று போன் போகும், அதில் முப்பது வீடு வீணாகப் பயப்படும். அதுவும் படம் காட்டுவது அடையாளத்தைத்தான், கிருமியை இல்லை. ஃப்ளாஷ் வெளிச்சம் ஈரமான இமையில் பட்டுப் பளிச்சிட்டாலே பரு மாதிரித் தெரியும்.

உங்கள் பையனுக்கு அரிப்பு என்கிறீர்கள். நம் பக்கத்து வெயிலுக்கும் செம்மண் புழுதிக்கும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருப்பது ஒவ்வாமை. அதிலும் மேல் இமைக்கு உள்ளே மேடுமேடாக வரும், நூல் நூலாகப் பீளை வரும். பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். இந்தியா ட்ரக்கோமாவைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அங்கீகரித்தது. அதற்காக ஒரு பிள்ளைக்குக்கூட இருக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அரிப்பு என்றதும் முதலில் நினைக்க வேண்டியது அது இல்லை.

இப்போது அந்தப் போன் செய்தவர். முறையான கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் வீடு தேடி மருந்து விற்க மாட்டார்கள். குழு போன பின்னால் பெயரும் நம்பரும் எப்படியோ யார் கைக்கோ போய், "ஸ்கேன்ல தெரிஞ்சிருச்சு" என்று பாட்டிலோடு வந்து நிற்பவர்களை நான் பல ஊரில் பார்த்திருக்கிறேன். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று எதையாவது போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாதது. இரண்டே நாளில் சிவப்பு போய்விடும், "ஆஹா, நல்ல மருந்து" என்று மாதக்கணக்கில் ஊற்றுவார்கள், கண் அழுத்தம் ஏறும், சின்ன வயதிலேயே கண்புரை வரும். மெடிக்கல் கடையில் "கண் சிவந்திருக்கு" என்று சொல்லி வாங்குகிறதும் இதே கதைதான்.

எனக்குக் கோபம் வருவது கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள் மேலும்தான். படிவத்தில் எண்ணிக்கைக்குக் கட்டம் இருக்கிறது, "இந்தப் பிள்ளையை எங்கே அனுப்ப வேண்டும்" என்பதற்குக் கட்டம் இல்லை. நான் போன ஒரு கணக்கெடுப்பிலேயே, கையில் ஒரு சீட்டாவது கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். திண்ணையில் உட்கார வைத்து இமையைப் புரட்டிவிட்டு, என்ன கண்டோம் என்று சொல்லாமல் போனால் அந்த இடத்தைப் பாட்டில்காரன் நிரப்பத்தானே செய்வான்?

படத்துக்கோ முடிவுக்கோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத ஒரு நிலை இருக்கிறது, அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இது அப்பத்தாவுக்கும் சேர்த்துத்தான். நெல் உமி, வைக்கோல், கருவேல முள், ஏதோ ஒன்று கண்ணில் பட்டு, கண் உறுத்தி, நீர் வடிந்து, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் அது கருவிழிப் புண். அங்கே படம் எடுத்து அனுப்பினால், "ஆமாம், புண் இருக்கிறது, உடனே கிளம்புங்கள்" என்று சொல்ல உதவும், அவ்வளவுதான். எந்தக் கிருமி என்று படம் சொல்லாது. மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைச் சோதித்து 1997-ல் வெளியிட்ட ஆய்வில், கிருமி வளர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பாக்டீரியா, பாதிப் பேருக்குப் பூஞ்சை. கருவிழி நிபுணர்களிடமே வெறும் படத்தைக் காட்டி இது பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்டபோது மூன்றுக்கு இரண்டுதான் சரியாகச் சொன்னார்கள். பூஞ்சைக்கு நாட்டமைசின் என்று தனி மருந்து இருக்கிறது. பூஞ்சைப் புண்ணில் போய் அந்த ஸ்டீராய்டு பாட்டிலை ஊற்றினால் கண்ணே போய்விடும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, எதுவும் வேண்டாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கிற கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பையனுக்கு இவ்வளவு அவசரம் இல்லை. இந்த வாரத்துக்குள் அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் காட்டுங்கள், நேரிலே இமையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைக் கண் மேல் ஒற்றி எடுக்கலாம், அவனுக்குத் தனித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். போன் செய்தவர் மறுபடி கூப்பிட்டால் எந்த அலுவலகம், படத்தைப் பார்த்த டாக்டர் யார், எழுத்தில் தருவீர்களா என்று மூன்றையும் கேட்டு, பதிலைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவமனையில் சொல்லுங்கள். பாட்டிலை ஏற்கெனவே வாங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.