நாலாம் நாள் சூரியன்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளியிலிருந்து இங்குள்ள சூரிய ஆய்வகத்துக்குப் போய்வந்தான். "நாலாம் நாள்தான் சூரியன் உண்டானது என்றால், அதற்கு முன் மூன்று நாள் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன?" என்று கேட்டான். "வேதத்தைக் கேள்வி கேட்காதே" என்று அதட்டிவிட்டேன். இப்போது ஞாயிறு பள்ளிக்கே வர மறுக்கிறான். என்ன செய்வது?
— ஒரு தாய், கொடைக்கானல்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகன் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தைக் கவனித்து வாசித்திருக்கிறான். இதே கேள்வியை மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் திருச்சபை அறிஞர் ஓரிகன் எழுப்பினார். பின்னால் வந்த ஆயர் அகஸ்டினும் அந்த நாட்கள் நாம் அறிந்த நாட்களைப் போன்றவை அல்ல என்று எழுதினார். இருவரும் வேதத்திலேயே ஊறியவர்கள். கேட்பது அவிசுவாசம் இல்லை.

ஒரு நாள் என்றால் பல கோடி வருடம் என்று சமாளிக்காதீர்கள். மூன்றாம் நாள் முளைத்த மரம் சூரியன் இல்லாமல் அத்தனை காலம் நின்றதா என்று அடுத்த நிமிடமே மடக்குவான். சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள் என்று அவன் படித்தால், அது சரிதான் என்று சொல்லுங்கள்.

அப்புறம், படைப்பைச் சொல்லும் அந்த முதல் அதிகாரத்தின் அமைப்பைக் காட்டுங்கள். முதல் மூன்று நாள் இடங்கள் உண்டாகின்றன: வெளிச்சமும் இருளும், வானமும் நீரும், நிலம். அடுத்த மூன்று நாள் அதே வரிசையில் அவை நிரம்புகின்றன: சுடர்கள், பறவையும் மீனும், மிருகமும் மனிதனும். இது வணக்கத்தோடு அடுக்கிச் சொன்ன சாட்சி. நாட்குறிப்பாக வாசித்தால் அதன் அழகே போய்விடும்.

எகிப்திலும் பாபிலோனிலும் சூரியனைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். அவர்கள் நடுவே இஸ்ரவேல் என்ற ஒரு சிறிய ஜனம், சூரியனும் படைக்கப்பட்டதுதான், விளக்கைப் போல வேலைக்காக வைக்கப்பட்டதுதான் என்று சொல்கிறது. சூரியனை நாலாம் நாளுக்குத் தள்ளியதுதான் அந்த அதிகாரத்திலேயே துணிச்சலான இடம் என்பேன். படைப்பு என்று நம்புகிறவனுக்கு அதை ஆராயத் தடை ஏது? சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டது உங்கள் ஊர் ஆய்வகத்தில்தான். அதை அவன் பெருமையோடு படிக்கட்டும்.

முதலில், அதட்டியதற்கு அவனிடம் வருத்தம் சொல்லுங்கள். பிறகு முதல் இரண்டு அதிகாரங்களையும் சேர்ந்து வாசியுங்கள். இரண்டாவதில் மிருகங்களுக்கு முன்பே மனிதன் உருவாகிறான். அதையும் அவனே கண்டுபிடிப்பான், விடுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, வகுப்பில் இதைக் கேட்க அவனுக்கு இடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால், போதகரிடம் நேராக அழைத்துப் போங்கள்.