முதல் கேமிங் கணினி: பணத்தை எதில் போடுவது?

கேள்வி: கல்லூரியில் சேரும் மகனுக்குக் கேமிங் கணினி சேர்க்கிறோம். கடைக்காரர், "ஐ7 பிராசசர் வாங்குங்கள், கிராபிக்ஸ் கார்டைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார். சரியா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம், அம்மா. விளையாட்டுக்குப் பெரும்பாலும் உயிர்நாடி கிராபிக்ஸ் கார்டுதான். 1920×1080 திரைக்கு ரைசன் 5 5600 போன்ற ஆறு கோர் பிராசசர் தாராளமாகப் போதும். மிச்சப்படும் பணத்தைக் கார்டில் போடுங்கள். அந்தப் பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால் கார்டைத் தள்ளிப்போடவும் முடியாது.

எனக்கு உண்மையில் கவலை எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி பற்றித்தான். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத பெட்டியை ஒருபோதும் ஏற்காதீர்கள். அது பழுதானால் மற்ற பாகங்களையும் சேர்த்துப் பொசுக்கிவிடலாம். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு வாங்கினால், அது 115 வாட்தான் எடுக்கும். அதற்கு நல்ல நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ், மின் சிக்கனத்துக்கான '80 பிளஸ் பிரான்ஸ்' (80 Plus Bronze) முத்திரையுள்ளது போதும். பில்லில் மாடல் எண்ணை எழுதச் சொல்லுங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

ராம் ஒரே 16 ஜிபியாக வேண்டாம், இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள், வேகம் கூடும். கோப்புகளையும் விளையாட்டுகளையும் சேமிக்கும் எஸ்எஸ்டி 1 டிபி (டெராபைட்). வண்ண விளக்கு மின்விசிறிகள் பிறகு வரட்டும்.

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல், கிராபிக்ஸ் கார்டில் செருகச் சொல்லுங்கள்.