வேரில் நூற்புழு: பிள்ளைக்குத் தொற்றுமா?

கேள்வி: கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தக்காளியும் பாகலும் போடுகிறோம். வாடிய செடியைப் பிடுங்கினால் வேர் முழுக்க முடிச்சு. நூற்புழு என்று கிருஷிபவனில் (வேளாண் அலுவலகத்தில்) சொன்னார்கள். என் ஆறு வயது மகன் ராத்திரியில் ஆசனவாய் அரிக்கிறது என்று அழுகிறான். எனக்கும் கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. அந்தப் புழு காயோடு வயிற்றுக்குள் போய்விட்டதா?

பதில்: இல்லை அம்மா, அந்தப் பயம் வேண்டாம். வேர்முடிச்சு நூற்புழு செடியின் வேரில்தான் பிழைக்கும். கேரட் மாதிரி கிழங்கோடு அதன் முட்டையை விழுங்கினாலும் அப்படியே மலத்தில் வெளியேறிவிடும். 1919-இல் அமெரிக்கச் சிப்பாய்களின் மலத்தில் இந்த முட்டைகளைப் பார்த்து, மனிதருக்கு வரும் புதுப் புழு என்றே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அது காய்கறியோடு உள்ளே போன செடிப்புழு முட்டை என்று 1923-இல்தான் தெளிந்தது.

மகனுக்கு இருப்பது பெரும்பாலும் கீரிப்பூச்சி. அது தோட்டத்து மண்ணிலிருந்து வருவதில்லை. நகக்கண், ஜட்டி, படுக்கை விரிப்பு வழியாகப் பரவும். டாக்டரிடம் காட்டி அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு மாத்திரை, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று கொடுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட்டால்தான் பலன். கர்ப்பிணி இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

உங்கள் மூச்சு வாங்கலைத்தான் உடனே பார்க்க வேண்டும். வெறுங்காலோடு தண்ணீர் பாய்ச்சுகிறீர்களா? கால் விரலிடுக்கில் அரிப்பும் சிறு கொப்புளமும் வந்ததுண்டா? வெளிக்குப் போகிற இடத்து ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சு இருக்கும். தோலைத் துளைத்து ஏறி, கடைசியில் குடலில் தங்கி ரத்தம் குடிக்கும். ரத்தம் குறைந்தால் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபினும் மலமும் பரிசோதியுங்கள். ரத்தம் குறைந்திருந்தால் பூச்சி மாத்திரையோடு இரும்புச்சத்து மாத்திரையும் மாதக்கணக்கில் தேவைப்படும். இதயம், நுரையீரலையும் டாக்டர் பார்த்துவிடட்டும். இனி வயலுக்குச் செருப்பில்லாமல் இறங்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. புழுவைவிட எனக்குப் பயம் அதற்குப் போடும் குருணை மருந்தின் மேல்தான். அந்தக் குருணையான கார்போஃபியூரானைக் கேரளம் 2011-இலேயே தடை செய்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து, வெறுங்கையால் வேரில் தூவாதீர்கள். துலுக்கமல்லி (செண்டுமல்லி) போட்டுப் பயிர் மாற்றுவது, வேப்பம்புண்ணாக்கு இடுவது பற்றிக் கிருஷிபவனில் கேளுங்கள். ஏற்கெனவே வீட்டில் குருணை இருந்தால் பிள்ளைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். அதைத் தொட்டவருக்கு வியர்த்துக் கொட்டி, எச்சில் ஒழுகி, வாந்தி வந்தால் துணியைக் கழற்றிவிட்டு உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விழுங்கியிருந்தாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் பாக்கெட்டோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.