ஏப்ரல் மழையில் ஜப்பானிய மலைக் கிராமத்து அரை மாரத்தான்

கேள்வி: ஜப்பானில் பணிபுரிகிறேன். நாகானோ மாநிலத்து மலைக் கிராமம் ஒன்றில் ஏப்ரலில் நடக்கும் அரை மாரத்தானில் பெயர் கொடுத்திருக்கிறேன். அன்று மழை பெய்யும் என்கிறார்கள். ஜப்பானிய மொழி அரைகுறை, சைவ உணவுக்காரன். எப்படித் தயாராவது?

பதில்: மழையைக் காரணம் காட்டி ஓட்டம் நிறுத்தப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள். இடி, புயல், வெள்ள அபாயம் போன்றவை இல்லாதவரை அங்கே ஓட்டங்கள் பொதுவாக நடந்தே தீரும். 2013 ஏப்ரலில் நாகானோ நகர மாரத்தான் பனிப்பொழிவுக்கு நடுவே ஓடப்பட்டது. ஆகவே வசந்தகாலம் என்ற சொல்லை நம்பி மெல்லிய உடையோடு மட்டும் புறப்பட வேண்டாம்.

ஓடும்போது உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். உண்மையான ஆபத்து, தொடக்கக் கோட்டின் பின்னால் நனைந்தபடி நிற்கும் நேரத்திலும், ஓடி முடித்தபின் உடை மாற்றும் இடத்தை அடையும்வரையிலும் இருக்கிறது. ஈரத் துணியும் காற்றும் சேர்ந்தால், 10 டிகிரி குளிரிலேயே உடல் வெப்பம் விரைவாக இறங்கிவிடும். பருத்திச் சட்டையைத் தவிர்த்துவிட்டு, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டையோ, தலைக்கும் கைகளுக்கும் துளையிட்ட பெரிய குப்பைப் பையையோ அணிந்து நின்று, உடல் சூடானபின் கழற்றி, வழியில் வீசாமல் நீர் வழங்கும் இடத்துக் குப்பைக்கூடையில் போடுங்கள். தொப்பியின் முன்விளிம்பு கண்ணில் மழை விழாமல் காக்கும். கையுறை அதைவிட அவசியம் என்பது என் கருத்து. தொடை, அக்குள், கால்விரல் இடுக்குகளில் வாஸலின் களிம்பு தடவுங்கள். சாலையில் வெள்ளைக் கோடுகளும் இரும்பு வடிகால் மூடிகளும் மிகவும் வழுக்கும். இறக்கத்தில் வேகத்தைக் குறைப்பதே நல்லது.

அடுத்தது நேர வரம்பு. வழியில் சில இடங்களில் ‘கன்மோன்’ எனப்படும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இருக்கும். குறித்த மணிக்குள் கடக்காதவர்களை நிறுத்தி வண்டியில் ஏற்றிவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை. நேரம் பெரும்பாலும் துப்பாக்கி ஒலித்த கணத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், பின்வரிசையில் நிற்கும் நீங்கள் சில நிமிடங்களை முன்கூட்டியே இழந்திருப்பீர்கள். அந்த மணிகளை முந்தைய இரவே கையுறையிலோ கையிலோ அழியாத பேனாவால் எழுதிக்கொண்டால், ஒலிபெருக்கி சொல்வது புரியாவிட்டாலும் கவலையில்லை. மார்பில் குத்தும் எண் அட்டையின் பின்புறம் அவசரத் தொடர்பு எண்ணை எழுத மறவாதீர்கள்.

உடை மாற்றும் இடம் பெரும்பாலும் பள்ளி உடற்பயிற்சிக்கூடமாக இருக்கும். வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும். ஈரக் காலணிக்கு ஒரு பையும், உலர்ந்த மாற்றுடை முழுத்தொகுப்பும், துண்டும் தனியே பிளாஸ்டிக்கில் கட்டி வைத்திருங்கள்.

உணவு விஷயத்தில் கவனம் தேவை. ஓட்டத்தின் முடிவில் அன்போடு நீட்டப்படும் சூடான ‘தோன்ஜிரு’ சூப் பன்றி இறைச்சி சேர்ந்தது. காய்கறி சூப் என்று தோன்றும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். வாழைப்பழம், விளையாட்டுப் பானம் ஆகியவற்றில் சிக்கலில்லை. ஆயினும் பழகிய உணவு கொஞ்சம் கையில் இருக்கட்டும், ஒரு குடுவையில் சூடான தேநீரும் இருந்தால் உடல் நடுங்கும்போது அதன் அருமை தெரியும்.

கிராமத்துப் பாதைகளில் ரயில்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, சில வேளைகளில் அதற்கும் குறைவாகவே ஓடும்; சிறு நிலையங்களில் பயண அட்டை செல்லாமலும் போகலாம் என்பதால் சில்லறைப் பணம் வைத்திருங்கள். திரும்பும் வண்டியின் நேரத்தை முன்பே பார்த்து, நனைந்த உடையோடு நடைமேடையில் காத்திருக்க நேராதபடி, அதுவரை கூடத்திலேயே இருங்கள்.